இன்சுலின் உள்ளே போக 14 நாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். 2024 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, கடலில் இருந்து வந்த விசைப்படகு ஒன்றில் பங்கு பிரிக்கும்போது வாய்த்தகராறு கைகலப்பானது. ஒருவருக்கு மண்டையில் ஆறு தையல். மாலையில் மூன்று பேரைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போனது. அந்த மூன்று பேரில் ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. வயது 52. படகில் கூலி ஆள். 11 வருடமாகச் சர்க்கரை நோய், அதில் கடைசி 4 வருடம் இன்சுலின் ஊசி.

ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்தச் சிறை, எந்த மருத்துவமனை என்பதும் இதில் இருக்காது. யார் மீதும் பழி போடுவதற்காக எழுதவில்லை. சொல்லப்போனால் இந்தக் கதையில் பெரிய தவறு ஒன்று என்னுடையது. நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சட்டத் தன்னார்வலராக அவ்வப்போது கோர்ட், ஜெயில் என்று அலைகிறேன். மருந்தும் தெரியும், மனுவும் தெரியும் என்ற நினைப்பில் இருந்தேன்.

"இல்லைங்க" என்ற ஒரு சொல்

கைதானவரை அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு. அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ, அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நகல் கேட்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை.

அன்று இரவு பத்து மணி வாக்கில் மருத்துவர் கேட்டிருக்கிறார், நோய் ஏதாவது உண்டா என்று. இவர் "இல்லைங்க" என்றிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "சுகர்னு சொன்னா ஆஸ்பத்திரியிலேயே போட்டு இழுத்தடிப்பாங்க, ஜாமீன் தள்ளிப்போயிரும்னு நெனச்சேன்ணே" என்றார். அந்த ஒரு "இல்லைங்க" ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறியது, அங்கிருந்து ரிமாண்ட் காகிதத்துக்குப் போனது. மறுநாள் சிறையில் சேர்க்கும்போது மறுபடி கேட்டார்கள். அப்போது மட்டும் "சுகர் மாத்திரை போடுவேன்" என்றிருக்கிறார். ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். கேட்டதற்குச் சொன்னார், சொன்னதற்குக் கொடுத்தார்கள். அதுவரை யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் இதில் சங்கடமான விஷயம்.

சிறை ஒரு காகித உலகம். உள்ளே போகிறவரின் நோய் அவரோடு உள்ளே போவதில்லை. காகிதத்தில் இருந்தால்தான் போகும். வெளியே அவருக்குச் சர்க்கரை என்பது ஊருக்கே தெரியும். டீக்கடைக்காரர் கேட்காமலே சீனியில்லாமல் போடுவார். உள்ளே அவர் ஒரு எண்.

மீன் ஐஸும் சிறை கேட்டும்

சிறையில் இரண்டாம் நாள், சனிக்கிழமை. அவர் மனைவி கடல்பாசி எடுக்கப் போகிறவர். அன்று போகவில்லை. சின்னத் தெர்மோகோல் பெட்டியில் மீன் ஐஸ் அள்ளிப் போட்டு, அதற்குள் இன்சுலின் குப்பியும் நான்கு ஊசியும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "வாங்கண்ணே, குடுத்துட்டு வந்துருவோம்." ஐஸில் நேராகப் பட்டு உறைந்த இன்சுலின் அதோடு சரி, திரும்பப் பயன்படாது. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் போதும். திறந்த குப்பி வெயில் படாத இடத்தில் நான்கு வாரம் தாங்கும். முப்பது வருடம் இதை மற்றவர்களுக்குச் சொன்ன நான், அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

சிறை கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். கண்ணாடிக் குப்பியும் ஊசியும் ஒரு கைதியின் கைக்குப் போகக்கூடாது என்பது நியாயம்தான். வெளி மருந்து உள்ளே போக வேண்டுமென்றால் சிறை மருத்துவர் எழுத வேண்டும். அவர் எழுத வேண்டுமென்றால் அவருக்கு விஷயம் தெரிய வேண்டும். அங்கேதான் நான் கோட்டை விட்டேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து மருந்து கொடுக்கும்போது எழுதித் தரும் குறிப்பேடு இருந்தது. அதன் ஜெராக்ஸை கேட்டில் இருந்தவரிடம் கொடுத்து, "டாக்டர்கிட்ட குடுத்துருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை. அந்த ஜெராக்ஸ் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. கேட்டில் நின்ற மனிதருக்கு அன்று முன்னூறு வேலை. என் காகிதம் அதில் ஒன்று.

அடுத்த ஒரு வாரம் எங்கள் கவனம் முழுக்க ஜாமீனில். வக்காலத்தில் கையெழுத்து, ஜாமீன்தாரர் இரண்டு பேர், ரேஷன் கார்டு நகல் என்று ஓடினோம். ஜாமீன் கிடைத்துவிட்டால் மருந்து தானாகக் கிடைத்துவிடும் என்ற கணக்கு. முதல் மனு தள்ளுபடி ஆனது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் ஜெயில் என்பது புதிய சொல் இல்லை. எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் ஊரே திரளும். சங்கம் கூடும், படகுகள் நிற்கும், கலெக்டரிடம் மனு போகும், பெண்கள் ரோட்டில் உட்காருவார்கள், யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல்கூடத் தயாராகும். அதே ஊரில் ஒருவன் அடிதடியில் நம் மாநிலச் சிறைக்குப் போனால் அவன் வீட்டு வாசலில் யாரும் நிற்பதில்லை. "உன் புருஷனுக்குத் தேவைதான்" என்று பாசி எடுக்கிற இடத்திலேயே ஒருத்தி சொன்னாளாம். யாழ்ப்பாணத்துச் சிறைக்கு மருந்து அனுப்ப வழி தேடத் தெரிந்த ஊருக்கு, பஸ் தூரத்தில் இருக்கும் சிறைக்கு ஒரு சீட்டு அனுப்பத் தெரியவில்லை. வெட்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மனு பார்த்ததில் தெரிந்தது

சிறையில் ஆளைப் பார்க்கப் போவதை இங்கே 'மனு பார்ப்பது' என்பார்கள். ஐந்தாம் நாள் மனுவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து போனில் பேசினார். "நல்லா இருக்கேன், பிள்ளையப் பாத்துக்க." பெரும்பாலும் அங்கே எல்லாரும் சொல்வது அதுதான். எட்டாம் நாள் மனுவில் மனைவி பேச்சைக் கேட்கவில்லை, ஆளைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. பேச்சுக்கு நடுவில் எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது இடது காலை ஊன்றாமல் போனார், பாதத்தில் துணி சுற்றியிருந்தது. வெளியே வந்ததும் என்னிடம், "அண்ணே, அவுகளுக்கு அந்தப் பழைய முள்ளுக் காயம் திரும்ப வந்துருச்சு" என்றார்.

முன்பு திருக்கை முள் குத்திய காயம் அது. பல வருடம் சர்க்கரை கூடியவரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகலாம். வெறுங்காலோடு சிமெண்ட் தரையிலும் ஈரக் கழிப்பறையிலும் நடக்கும்போது காயம் ஆழமாவது அவருக்கே தெரியாது. வலிக்கவில்லை என்பதால் டாக்டரிடம் காட்டவில்லை என்று பிறகு சொன்னார்.

மனு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: நடக்கச் சொல்லிப் பாருங்கள், கையைக் காட்டச் சொல்லுங்கள், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பார்த்ததைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பத்து நிமிட மனுவில் இதைவிட உருப்படியான வேலை இல்லை.

மனைவி மெதுவாகச் சொன்னது

அன்று இரவு சிறைக்குக் கொடுக்க ஒரு கோரிக்கை மனு எழுத உட்கார்ந்தோம். குறிப்பேட்டில் இருந்தபடி காலை 20 யூனிட், இரவு 12 யூனிட் என்று எழுதினேன். "தினமும் தவறாமல்" என்று சேர்க்கப் போனபோது அந்த அம்மா தயங்கினார். "கடலுக்குப் போற அன்னைக்கு ராத்திரி ஊசி போட மாட்டாகண்ணே. போட்டில சோறு எப்போன்னு தெரியாதுல்ல." வாரத்தில் மூன்று நாள் கடல். அப்படியென்றால் வாரத்தில் மூன்று இரவு ஊசி கிடையாது.

இதை மறைத்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 30/70 கலப்பு இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். சிறையில் ராத்திரிச் சாப்பாடு சாயங்காலமே வந்துவிடும். இருட்டுவதற்குள் லாக்கப். அதற்குப் பிறகு காலைவரை எதுவும் இல்லை. தினமும் முழு அளவு போட்டுப் பழகியவர் என்று நம்பி அதே அளவை இரவு எட்டு மணிக்குப் போட்டால், பூட்டிய அறைக்குள் நள்ளிரவில் சர்க்கரை இறங்கி மயங்குவார். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது தூக்கமா மயக்கமா என்று தெரியாது. வீட்டுக்காரர்கள் உண்மையை எழுத வேண்டும். மருத்துவருக்கு வேண்டியது எழுதிக்கொடுத்த அளவு மட்டும் இல்லை, உண்மையில் உடம்புக்குள் போன அளவும்.

இன்னொன்று மருந்துக்காரனாகச் சொல்கிறேன். அரசு கொடுக்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். ஊசிச் சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. எந்தக் குப்பி என்று எழுதாவிட்டால் அளவு இரண்டரை மடங்கு மாறிப்போக இடமுண்டு.

கடைசியில் மனு இப்படி முடிந்தது: "என் கணவர் 18-ஆம் தேதி முதல் தங்கள் சிறையில் விசாரணைக் கைதி. 11 வருடமாகச் சர்க்கரை நோய். 4 வருடமாக 30/70 இன்சுலின், 40 யூனிட் குப்பி, காலை 20, இரவு 12. கடலுக்குப் போகும் நாட்களில் இரவு ஊசி போடுவதில்லை. கடைசி ஊசி 16-ஆம் தேதி காலை. 25-ஆம் தேதி மனுவில் பார்த்தபோது இடது பாதத்தில் துணி சுற்றி, காலை ஊன்றாமல் நடந்தார். மருத்துவ அலுவலர் இன்றே பார்த்துச் சர்க்கரை அளவு எடுக்கவும், ஊசி தேவையா என முடிவு செய்யவும், தேவைப்பட்டால் வெளி மருத்துவமனைக்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்." மேலே அவர் பெயர், தகப்பனார் பெயர், கைதி எண், குற்ற எண். கீழே குறிப்பேட்டின் நகல். அழுகை, கோபம், குற்றவாளியா நிரபராதியா என்ற பேச்சு எதுவும் இல்லை. ஒரே பக்கம்.

மூன்று பிரதி. ஒன்று சிறைக் கண்காணிப்பாளருக்கு, ஒன்று சிறை மருத்துவ அலுவலருக்கு, ஒன்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. ஒன்பதாம் நாள் நேரில் போய் எங்கள் நகலில் முத்திரை வாங்கினோம். அதற்கு மேல் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலும் போட்டோம். (2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் எதுவானாலும் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.) உடம்பு சரியில்லாதவரைப் பற்றித் தாமதமில்லாமல் ஜெயிலருக்குச் சொல்ல வேண்டும், ஜெயிலர் தாமதமில்லாமல் மருத்துவப் பணியாளரின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 1894-ஆம் வருடத்துச் சிறைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் 'தாமதமில்லாமல்' என்ற சொல் அதில் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவை ஒரு வரியில் குறிப்பிட்டோம்.

அன்று மதியமே மருத்துவர் பார்த்தார். சர்க்கரை 438. அது வாரத்தில் சில மணி நேரம் மட்டும் மருத்துவர் வந்து போகும் சின்னச் சிறை. இன்சுலின் வைத்துப் போடும் வசதி இல்லை. மாத்திரையைக் கூட்டி, காயத்தைக் கழுவிக் கட்டி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி எழுதினார்.

வழிக்காவல்

எழுதியதும் ஆள் போய்விடுவார் என்று நினைத்தால் அது தப்பு. விசாரணைக் கைதியை வெளியே கொண்டுபோக வழிக்காவல் வேண்டும். அது ஆயுதப்படையிலிருந்து வர வேண்டும். திங்கள்கிழமை வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. அந்த வாரம் பசும்பொன் குருபூஜை, அதை ஒட்டித் தீபாவளி. ராமநாதபுரம் மாவட்டத்தில் அக்டோபர் 28, 29, 30 என்றால் போலீஸ் எங்கே இருக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, நினைவு தடுமாறியிருந்தால் அவசரம் என்று 108-ஐக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் நடந்தார், பேசினார், சாப்பிட்டார். சாகும் நிலையில் இல்லாத, ஆனால் நாளுக்கு நாள் மோசமாகிற நோயாளிதான் சிறையில் மிகவும் சிக்கிக்கொள்கிறார்.

புதன்கிழமை, 13-ஆம் நாள், ரிமாண்ட் நீட்டிப்பு. காணொலியில்தான் ஆஜர்படுத்துவார்கள். அதுவரை அதைச் சும்மா ஒரு சடங்காகவே பார்த்து வந்தேன். சட்ட உதவி வக்கீலம்மா (காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தெரியாதவர்கள் 15100-க்குக் கூப்பிடலாம்) ஒரு மெமோ போட்டார். சிறை மருத்துவர் 26-ஆம் தேதி வெளி சிகிச்சைக்கு எழுதியும் வழிக்காவல் வராததால் போகவில்லை என்று மூன்றே வரி. முத்திரையோடு இருந்த எங்கள் மனுவின் நகலை இணைத்தார். மாஜிஸ்திரேட் திரையில் அவரைப் பார்த்து, "காலைக் காட்டுங்க" என்றார். காட்டினார். 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து அறிக்கை தர உத்தரவு.

தீபாவளி அன்று காலை, 14-ஆம் நாள், கைதிகள் வார்டில் முதல் இன்சுலின்.

விரல்

இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. முன்பே வந்திருந்தால் தப்பியிருக்குமா என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எச்பிஏ1சி முடிவைக் காட்டினார்: 12.6. அது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எண். 14 நாள் சிறை மட்டும் அந்த எண்ணைக் கொண்டுவராது. கடலில் போடாத ஊசியும் அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் சிறையின் தலையில் கட்டியிருந்தால் எழுத எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் காயம் ஆழமானது அந்த 14 நாளில்தான், அதையும் விட முடியாது.

மருத்துவமனையில் 19 நாள். இரண்டாவது ஜாமீன் மனுவில் மருத்துவ அறிக்கைதான் முதல் பக்கம். ஆயுள் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில்கூட நோயுற்றவருக்கு ஜாமீன் தரலாம் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. இவர் வழக்கோ அதைவிட எத்தனையோ சின்னது. ஜாமீன் கிடைத்தது. நிபந்தனை: தினமும் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. விரல் எடுத்த காலோடு தினமும் பஸ் ஏறி இறங்க முடியாது என்று தளர்வு மனு போட்டு, வாரம் ஒரு நாளாகக் குறைத்தோம்.

ஜாமீன் கிடைக்காமல் திரும்பச் சிறைக்கே போயிருந்தால் என்று இரண்டு காரியம் தயாராக வைத்திருந்தோம். ஒன்று, எம்.சி.ஆர். செருப்புக்கு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) மருத்துவரின் சீட்டு. சீட்டு இல்லாமல் செருப்பு உள்ளே போகாது. இன்னொன்று, அவர் பெயரில் உள்ள கணக்கில் கேன்டீன் பணம். முறுக்குக்கு இல்லை, ராத்திரி சர்க்கரை இறங்கினால் கடிக்க ஒரு பிஸ்கட் பாக்கெட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று.

வேறு நோய்க்காரர்களுக்கும் வழி இதேதான், காகிதம் மட்டும் மாறும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் உள்ளே போனால் அரசின் காசநோய்ப் பதிவில் உள்ள நிக்ஷய் எண்ணைக் கொடுத்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆறு மாத மருந்தை நடுவில் விடுவது அவருக்கும் ஆபத்து, அதே அறையில் படுப்பவர்களுக்கும் ஆபத்து. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்து சாப்பிடுகிறவரின் காகிதத்தை மட்டும் கேட்டில் கொடுக்காதீர்கள். மூடிய உறையில் மருத்துவ அலுவலர் பெயருக்கு. மனநல மாத்திரை என்றால் கடைசியாகச் சாப்பிட்ட தேதி முக்கியம். நோயாளியான விசாரணைக் கைதிகளின் பெயர்களை, மாவட்ட நீதிபதி தலைமையிலான மறுஆய்வுக் குழுவுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகக் கொண்டுபோகலாம். தண்டனைக் கைதிகள் விஷயம் வேறு கணக்கு, அதை இன்னொரு சமயம் எழுதுகிறேன்.

அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. கரையில் வலை வேலை. இரண்டு வேளையும் ஊசி போடுகிறார். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும் அன்று சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும், பிளாஸ்டிக் கவரில் குறிப்பேட்டின் ஜெராக்ஸ் இரண்டும் இருக்கும். ஏன் இரண்டு என்று கேட்டேன். "ஒண்ணு குடுக்கறதுக்கு. இன்னொண்ணுல சீல் வாங்கறதுக்குண்ணே."